குருவிக்கு மாட்டுக் கொழுப்பு

பினாங்கு
2 அக்டோபர் 2023

அன்புள்ள தம்பி ஸ்ரீகரனுக்கு,

முழங்காலையும் காதையும் தவிர்த்துப் பார்த்தால் நான் சுகம். நீயும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம் என்று தோசையும் சட்னியுமாக உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்தில் எழுந்து போய்க் கை கழுவினேன். தோசை அப்படியே கிடந்தது. "இந்த வருடம் குருவிகளுக்கான கொழுப்புக் கட்டியை நானே காய்ச்சினேன்" என்று ஏதோ பாயசம் காய்ச்சியவன் மாதிரி எழுதியிருக்கிறாய். மாட்டுக் கொழுப்பு! நம் அப்பா கந்தப்பு, முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலுக்கு உள்ளே விட்டதில்லை. அவர் மகன் மாட்டுக் கொழுப்பைப் பிசைகிறான். பிசைந்த கையாலேயே இதையும் எழுதினாயோ என்று தாளை முகர்ந்து பார்த்தேன். முகர்ந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் செய்வாள், தெரியும். நீங்கள் அபர்டீனில் குடித்தனம் தொடங்கிய காலத்திலிருந்தே ஒவ்வொரு குளிர்காலமும் உன் மனைவி எல்ஸ்பத் பறவைகளுக்கு எதையோ காய்ச்சித் தொங்கவிடுவதாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறாய். அந்த வரிகளை நான் தாண்டிப் படித்துவிடுவேன். அவர்கள் ஊர் வழக்கம், அவர்கள் ஊர் மூக்கு. ஆனால் நீ எதற்கு? அவள் காய்ச்சுகிற அன்றைக்கு வாடை பொறுக்காமல் தோட்டத்தில் போய் நிற்பேன் என்று சொன்னவன் நீதானே?

தொலைபேசியில் கேட்டிருப்பேன். காதுக் கருவியில் உன் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது போல வருகிறது. அதனால் எழுது. நீ இன்னும் சைவம்தானே?

உன் அக்கா,
ஞானாம்பிகை


அபர்டீன்
23 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? இங்கே இருவரும் இருக்கிறோம்.

சைவம்தான் அக்கா. கொழுப்பைக் காய்ச்சினேனே தவிர நக்கிப் பார்க்கவில்லை.

உங்களுக்குக் குமட்டும் என்று தெரியும். எனக்கும் குமட்டியது. கடைக்காரர் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பைத் தாளில் மடித்துத் தருகிறார். மெழுகு மாதிரி வெள்ளையாக, ஊடே சவ்வும் நரம்புமாக இருக்கும். பொடியாக நறுக்கி, சிறு தீயில் உருக்கி, துணியில் வடித்து, ஆறவிட்டு, திரும்பவும் உருக்க வேண்டும். இரண்டாம் முறை உருக்கினால்தான் கட்டியாக நிற்கும். பிறகு ஓட்ஸ், உப்பில்லாத கச்சான் கடலை, விதைகள். முதல் நாள் திரைச்சீலை, சட்டை, தலைமுடி எல்லாம் நாறிப்போனது. கடைசியில் அந்தச் சவ்வு பழுப்பாகச் சுருண்டு துணியில் நிற்கும். அதைத்தான் என்னால் தொட முடியவில்லை.

அடுப்புப் பக்கம் நான் எல்ஸ்பத்தை இப்போது விடுவதில்லை. அதனால்தான் நான் காய்ச்சுகிறேன். ஆறியதும் அவள் உட்கார்ந்து விதைகளைப் பிசைந்து தருகிறாள். கட்டியைத் தொங்கவிட்டால் சிவப்பு மார்புக் குருவி ஒன்று முதலில் வரும். அவள் சன்னலை விட்டு நகர மாட்டாள்.

நம் வீட்டுப் பின்பக்கத்தில் ஜம்பு மரம் இருக்கிறதா? என்னென்ன பறவைகள் வருகின்றன? பின்னறையில் யாராவது தங்கியிருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் நலம் நாடும் தம்பி,
ஸ்ரீகரன்


பினாங்கு
14 நவம்பர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளி முடிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், கோவிலுக்குப் போனேன், முறுக்கைக் கருக்கினேன், மற்றபடி குறையில்லை. "இருவரும் இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறாய். சுகமாக என்று சேர்த்து எழுத மை தீர்ந்துவிட்டதா?

ஜம்பு மரம் இருக்கிறது. மைனா, கொண்டைக்குருவி, விடியலில் பாட ஒரு முராய். காகத்துக்குக் குறைவே இல்லை. பின்னறையில் பழைய நாளிதழ்களும் பல்லிகளும்தான் குடியிருக்கின்றன. ஏன்?

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத் தயிர்கூட இறங்கவில்லை. வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அந்தச் சவ்வு ஞாபகம். அப்புறம் ஆத்திரம் வந்தது. பறவைக்குக் கொழுப்புதானே வேண்டும், நெய் ஆகாதா? உனக்குச் செய்து காட்டுகிறேன் பார் என்று நெய்யை உருக்கி, கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு, ஓட்ஸும் கச்சானும் போட்டுச் சிரட்டையில் ஊற்றி ஐஸ்பெட்டியில் வைத்தேன். கல்லாக இறுகியது. காலையில் பூசை முடித்த கையோடு பெருமையாக மரத்தில் கட்டினேன்.

வெயில் ஏறியதும் ஒழுகத் தொடங்கிவிட்டது. மரத்தடியெல்லாம் வழுவழுப்பு. எறும்பு கறுப்புக் கயிறாக ஏறியது. ஒரு மைனா சிரட்டைக்குள்ளேயே இறங்கி, நெஞ்சு இறகெல்லாம் நெய்யாகி, பறக்க முடியாமல் சுவரோரம் தத்தித் தத்திப் போனது. சாயங்காலம் பெருச்சாளி வந்தது, தம்பி. பூனை அளவு. அது மரத்தடியை நக்குகிற சத்தம் இந்தக் கேட்காத காதுக்கும் கேட்டது. மறுநாள் ஊசிப்போன வாடை பூசையறைவரை வந்துவிட்டது. பக்கத்து வீட்டு சித்தி ஹாஜராவைப் பற்றி எழுதியிருக்கிறேனே, நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் மனைவி, பெயரில்தான் சித்தி, வயதில் எனக்கு இளையவள். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, என்னா லா இது, நாத்தம் தாங்கல. ஏதும் செத்துக் கிடக்கா?" என்றாள்.

என் வீட்டு நெய்யை ஒருத்தி பிண நாற்றம் என்று சொல்லி நான் கேட்க வேண்டியதாயிற்று. எல்லாம் உன்னால்.

கோபத்துடன்,
அக்கா


அபர்டீன்
5 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது.

இனி நெய் கட்டாதீர்கள். இளகிய கொழுப்பு இறகில் ஒட்டினால் பறவையால் அதைப் போக்கிக்கொள்ள முடியாது. அந்த மைனா என்ன ஆனது?

உங்கள் கடிதத்தை எல்ஸ்பத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பெருச்சாளி வந்த இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அக்கா கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். மறுபடி சொன்னேன். மறுபடி அதே சிரிப்பு. அன்று மாலைவரை உங்கள் பெருச்சாளி எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒன்று கேட்கலாமா? மாட்டுக் கொழுப்பாகவே இருந்தாலும் அந்த ஊர் வெயிலில் நிற்காதா? இரண்டு தடவை உருக்கி, காலையில் மட்டும் நிழலில் வைத்தால்? பாசாரில் நல்ல கொழுப்பு கிடைக்குமா என்று சித்தி ஹாஜராவிடம் விசாரித்துச் சொல்ல முடியுமா? பின்னறைச் சன்னல் ஜம்பு மரத்தைப் பார்த்துத்தானே இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ஸ்ரீகரன்


பினாங்கு
27 டிசம்பர் 2023

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கும் நிலையில் இல்லை.

எனக்குக் காதுதான் மந்தம், புத்தி இல்லை. ஜம்பு மரம், பின்னறை, சன்னல், பாசார் கொழுப்பு. இங்கே வர நினைக்கிறாய். வா. இது அப்பா உனக்கும் சேர்த்து எழுதிவைத்த வீடு, கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் தனியாக வா. அவள் வேண்டாம், அவள் கொழுப்பும் வேண்டாம். பூசையறைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு சுவர்தான். அங்கே மாட்டை உருக்கி அந்தப் புகையில் நான் விளக்கேற்ற வேண்டுமா?

கல்யாணமான புதிதில் நீ அவளை இங்கே ஒரு மாதம் கூட்டிவந்து வைத்திருந்தது எனக்கு மறக்கவில்லை. கடைத்தெருவில் மாட்டு சாத்தே தின்றுவிட்டு வந்து அதே விரலால் என் கறிவேப்பிலைச் செடியைத் தடவிக் கொடுத்தாள். என் கன்னத்தில் முத்தம் வேறு. போய் முகம் கழுவினேன். நான் என்ன, பட்டினியா போட்டேன்? வேளைக்குச் சோறு போட்டேன். பின்பக்கம் குழாயடியில் புல் வெட்டுகிறவருக்குத் தேநீர் ஊற்ற வைத்திருந்த நீலப் பூப் போட்ட எனாமல் கோப்பையைக் கழுவி, அவளுக்கென்று தனியாக வைத்தேன். அவள் எச்சில் எங்கள் கோப்பைகளோடு கலக்கக் கூடாது, அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போது அதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்குத் தூக்கிப் போடும் வேலை மிச்சம்.

மைனாவைக் கேட்டிருந்தாய். செத்துப் போயிற்று. ஜம்பு மரத்தடியில் புதைத்தேன்.

ஞானாம்பிகை


பினாங்கு
19 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பி ஸ்ரீகரனுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன்.

தைப்பூசம் வந்து போய்விட்டது, சீனப் பெருநாளும் முடிந்தது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என் முகத்தைப் பார்க்காமலே மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போகிறார். கோபமென்றால் கோபம் என்று எழுது. நான் சொன்னதில் ஒன்றையும் நான் திரும்ப வாங்கவில்லை. ஆனால் நீ பேசாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு செல்லாது என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பின்னறையைக் கூட்டினேன். உனக்காக இல்லை. பல்லி முட்டை நாற்றம் தாங்கவில்லை.

பதில் போடு.

அக்கா


அபர்டீன்
4 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. முன்பே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

எல்ஸ்பத்துக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவாள், அதனால்தான் கொழுப்பைக் காய்ச்சுவது என் வேலையானது. ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம், நான் குளித்துவிட்டு வருவதற்குள், உள்ளாடையோடு பனியில் இறங்கிப் போய்விட்டாள். கையில் கொழுப்புக் கட்டி. குருவிக்கு வைக்கப் போனவளுக்கு வீட்டுக்குத் திரும்ப வழி தெரியவில்லை. தெருமுனையில் கண்டெடுத்தார்கள். கால் விரல்கள் கறுத்துப் போயிருந்தன. ஆறு வாரம் மருத்துவமனை. அதனால்தான் எழுத முடியவில்லை.

இப்போது என் பெயர் அவளுக்குத் தெரியாது. சில நாள் என்னை மருத்துவர் என்று நினைத்து நன்றி சொல்கிறாள். பதற்றம் வந்தால் கத்துவாள், அடிப்பாள். கையில் கொழுப்பையும் விதையையும் கொடுத்துச் சன்னலோரம் உட்கார வைத்தால் மட்டும் அடங்குகிறாள். அந்த நாற்றம் எனக்கு இன்றும் குமட்டுகிறது, அக்கா. ஆனால் அது நாறும்போதுதான் வீடு அமைதியாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. டிசம்பரில் நீங்கள் எழுதிய கோப்பை. நாங்கள் அங்கே தங்கியிருந்த அந்த மாதம் அவள் என்னிடம், எனக்கு மட்டும் ஏன் தனிக் கோப்பை என்று கேட்டாள். எனக்குக் காரணம் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டில் மதிப்பான விருந்தாளிக்குத் தனிக் கோப்பை வைப்பது வழக்கம் என்று சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் கொண்டுவந்தாள். இன்றுவரை அதில்தான் தேநீர் குடிக்கிறாள். வேறு எதில் கொடுத்தாலும் தட்டிவிட்டு, அக்காவின் கோப்பை எங்கே என்று கேட்கிறாள். அவள் இன்னும் விடாமல் வைத்திருக்கும் ஒரே தமிழ்ச் சொல் அதுதான். அக்கா.

என்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. இங்கே ஒரு காப்பகத்தில் இடம் இருக்கிறது. ஏப்ரல் முடிவதற்குள் பதில் கேட்கிறார்கள். அங்கே கொழுப்பு, விதை எதுவும் அனுமதியில்லை. சன்னலும் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. நான் மலேசியக் கடவுச்சீட்டை விடவில்லை. மனைவிக்கு நீண்ட நாள் தங்க அனுமதி கேட்கலாம் என்கிறார்கள். அங்கே குளிர் இல்லை, பின்பக்கம் சுற்றுச்சுவர் இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு வரலாமா? இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். அவளை விட்டுவிட்டுத் தனியாக வா என்று மட்டும் திரும்ப எழுத வேண்டாம்.

உங்கள் தம்பி,
ஸ்ரீகரன்


பினாங்கு
2 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பி ஸ்ரீகரனுக்கும் எல்ஸ்பத்துக்கும்,

இங்கு நலம். அங்கு அவள் கால் விரல்கள் எப்படி இருக்கின்றன?

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம், செய்ய முடியுமா என்று தெரியாமல் வா என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. அதனால் செய்து பார்த்தேன்.

சித்தி ஹாஜராவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு இது நோன்பு மாதம். தொண்டை காய்ந்துபோன நேரத்தில் என்னைப் பாசாருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த இறைச்சி வரிசைக்குள் நான் பிறந்ததிலிருந்து கால் வைத்ததில்லை. தரையெல்லாம் சிவப்புத் தண்ணீர். கொக்கியில் ஒரு தலை, கண் திறந்தபடி. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டி நின்றேன். லெமாக் லெம்பு என்று அவள் கேட்க, கடைக்காரர் அந்தக் கொழுப்பைச் சொத்தென்று தராசில் போட்டார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வேண்டாத சத்தம்தான் எனக்குக் கேட்கும்போல.

"நீங்க தொட வேணாம் அக்கா, நானே காச்சித் தாறேன்," என்றாள். ஒரு நாள் நீ காய்ச்சுவாய், தினமும் யார் காய்ச்சுவது என்று கேட்டேன். அவள் பொட்டலத்தை என் பையில் போட்டாள்.

ஜம்பு மரத்தடியில் அடுப்பு வைத்தேன். மூக்கில் தைலம் தடவி, துண்டைக் கட்டிக்கொண்டு நறுக்கினேன். கத்தியில் ஒட்டுகிறது, நகத்துக்குள் போகிறது, சோப்புப் போட்டாலும் விரல் வழுவழுவென்றே இருக்கிறது. உருகத் தொடங்கியதும் வந்ததே ஒரு நாற்றம்! நீ எழுதியது பாதிகூட இல்லை. இரண்டு தடவை லொங்காங் சாக்கடை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். சித்தி ஹாஜரா சுவருக்கு அந்தப் பக்கம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தீயைக் குறைங்க, தீயைக் குறைங்க என்று சொல்லிக்கொண்டே நின்றாள். நீ தொட முடியவில்லை என்றாயே, அந்தப் பழுப்புச் சவ்வு, அதை எடுத்துப் போட்டது நான்தான். எழுதும்போதே கை கூசுகிறது. அன்று மூன்று முறை தலைக்குக் குளித்தேன். விளக்கேற்றும்போது பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சொன்னபடி திரும்பவும் உருக்கி, ஓட்ஸும் கச்சானும் போட்டேன். மறுநாள் விடிந்ததும் நிழலில் தொங்கவிட்டேன். வெயில் மரத்துக்கு வரும்வரை நின்றது. கொண்டைக்குருவி ஜோடி ஒன்று வந்து கொத்தியது. அப்புறம் காகம் வந்து எல்லாவற்றையும் நாசமாக்கியது, அது வேறு கதை. வெயில் வருமுன் எடுத்துவிட்டால் ஒழுகாது. பின்னறைச் சன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது, நான் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆகவே அவளைக் கூட்டிக்கொண்டு வா. காப்பகத்துக்காரர்களிடம் இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொழுப்புச் சட்டி வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. மிச்சக் கொழுப்பு சித்தி ஹாஜராவின் ஐஸ்பெட்டியில் இருக்கும், அவள் சம்மதித்துவிட்டாள். பிசைந்த பிறகு எல்ஸ்பத்தின் கையை நான் கழுவிவிடுவேன், கழுவுகிற நேரமெல்லாம் முகத்தைச் சுளிப்பேன். எனக்கு அருவருப்புப் போகவில்லை, தம்பி. போகுமென்றும் தோன்றவில்லை. அருவருத்துக்கொண்டே செய்ய முடியும் என்று மட்டும் தெரிந்தது.

கோப்பையைப் பற்றி நீ எழுதியதைப் படித்தபோது வந்த அருவருப்பு, சவ்வை எடுத்துப் போட்டபோதுகூட வரவில்லை. அது மாட்டின் மேல் இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். நீ அவளிடம் சொன்னதை மாற்றிச் சொல்லாதே.

நேற்று பாசார் பக்கம் பாத்திரக் கடையில் தேடி, அதே நீலப் பூப் போட்ட எனாமல் கோப்பை இரண்டு வாங்கினேன். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. அவளுடையதை மறக்காமல் கொண்டு வா. மூன்றும் ஒரே தட்டில் இருக்கும். பழைய பீங்கான் கோப்பைகளைச் சித்தி ஹாஜராவுக்குக் கொடுத்துவிட்டேன், பெருநாளைக்கு ஆகுமென்று.

இன்று காலை அந்தக் கோப்பையில்தான் காப்பி குடித்தேன். விளிம்பு உதட்டைச் சுடுகிறது, ஆறும்வரை வாயில் வைக்க முடியவில்லை. இத்தனை வருடமாக அவள் இதில் எப்படித்தான் குடிக்கிறாளோ. வந்து காட்டட்டும்.

உங்கள் இருவரையும் எதிர்பார்க்கும்,
அக்கா